கார்டுக்கா, தலைக்கா?

நம்ம காலேஜ் அட்மிஷன் ஃபாரத்துல "உடன்பிறந்தோர் விவரம்"னு ஒரு கட்டம் இருக்கும், ஞாபகம் இருக்கா? அதுல ரெண்டே ரெண்டு வரிதான். 2022ல சேர வந்தப்போ அந்த ரெண்டு வரியைப் பார்த்துக்கிட்டே பேனாவைக் கடிச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு உடன்பிறந்தவங்க நாலு பேர். ரெண்டு அக்கா, ஒரு தங்கச்சி, ஒரு தம்பி. கவுன்டர்ல இருந்த சார் எட்டிப் பார்த்துட்டு, "பெரியவங்க ரெண்டு பேரை மட்டும் எழுதும்மா, போதும்"னு சொன்னார். தங்கச்சியும் தம்பியும் அன்னைக்கு காலேஜ் ரெக்கார்டுல பிறக்கவே இல்ல.

ஹாஸ்டல்ல முதல் வாரம் எல்லாரும் கேட்ட கேள்வி, "அஞ்சு பேரா? நிஜமாவா?" அடுத்த கேள்வி, "கடைசி பையனா?" ஆமா, கடைசி பையன்தான். நாலு பொண்ணு, அஞ்சாவது பையன். ஏன்னு தனியா விளக்கணுமா என்ன? எங்க ஊர்ப் பக்கம் பொண்ணு வரிசையா பிறந்தா 'போதும்பொண்ணு'ன்னு பேர் வைக்கிற பழக்கம் ஒரு காலத்துல இருந்துச்சு. நாலாவதா தங்கச்சி பிறந்தப்போ அப்பத்தா அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்திருக்காங்க. அம்மா ஆஸ்பத்திரி பெட்ல படுத்துக்கிட்டே "அத்தை, அந்தப் பேரை வச்சீங்கன்னா நான் வீட்டுக்கே வரமாட்டேன்"னு சொல்லியிருக்காங்க. அம்மா அப்பத்தாவை எதிர்த்துப் பேசினது எனக்குத் தெரிஞ்சு அந்த ஒரு தடவைதான்.

தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்குச் சராசரியா 1.8 குழந்தைன்னு சொல்லுது. அந்தச் சராசரியைக் கெடுக்கிற குடும்பம் எங்களுது. அப்பா, அம்மா, அப்பத்தா, நாங்க அஞ்சு பேர். மொத்தம் எட்டு. சிவகாசி. அப்பா ஆஃப்செட் பிரஸ்ல மெஷின் ஓட்டுறார். சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம். ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதுலேர்ந்து டிசம்பர் வரைக்கும் ஓவர்டைம் இருக்கும். ஜனவரி பிறந்தா ஊரே புதுக் காலண்டர் மாட்டும், எங்க வீட்ல கடன் நோட்டைத் திறப்பாங்க.

சின்ன வயசுல ரேஷன் கடைக்கு அப்பத்தா கூட துணைக்குப் போறது என் வேலை. வரிசையில நிக்கிறப்போ அப்பத்தா பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கேட்கிற ஒரே கேள்வி, "இந்த மாசம் என்ன குடுக்குறாக? கார்டுக்கா, தலைக்கா?" அந்தக் கேள்விக்குள்ளதான் எங்க வீட்டுப் பொருளாதாரம் மொத்தமும் இருக்குன்னு எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு.

எங்களுது முன்னுரிமை கார்டு. அரிசி தலைக்கு 5 கிலோ கணக்கு. அதனால எங்க வீட்ல அரிசிக்குப் பஞ்சம் வந்ததே இல்ல. சர்க்கரையும் தலைக்கு அரைக் கிலோதான், ஆனா 2 கிலோவோட நின்னுடும். அதாவது சர்க்கரை விஷயத்துல எங்க வீட்ல நாலாவது ஆளுக்கு அப்புறம் யாருமே இல்ல. துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ, பாமாயில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர். இது ரெண்டும் கார்டுக்கு. ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கும் ஒரு கிலோ பருப்பு, எட்டு பேர் இருக்கிற எங்களுக்கும் ஒரு கிலோ. மாசத்துல முதல் பத்து நாள் எங்க வீட்டு சாம்பார்ல பருப்பு இருக்கும். அதுக்கப்புறம் சாம்பார்ங்கிற பேர் மட்டும் இருக்கும்.

பொங்கல் பரிசு கார்டுக்கு. கொரோனா நிவாரணம் 2021ல ரெண்டு தவணையா 4,000 ரூபாய் வந்துச்சே, அதுவும் கார்டுக்கு. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் குடும்பத்துக்கு ஒருத்தருக்கு. நான் குறை சொல்லல. யாரோ ஒரு ஆபீசர் உட்கார்ந்து 'குடும்பம்'னு ஒரு அளவு வச்சிருப்பார் இல்லையா, அந்த அளவு சட்டை எங்களுக்குப் பத்தாது, அவ்வளவுதான்.

தலைக்குன்னு வர்றதுலதான் நாங்க ஜெயிப்போம். ஸ்கூல் யூனிஃபார்ம், புத்தகம், பை, பிளஸ் ஒன்ல சைக்கிள், எல்லாமே தலைக்கு. எங்க வீட்டுத் திண்ணையில ஒரே மாதிரி மூணு சைக்கிள் நின்ன காலம் உண்டு, வாடகை சைக்கிள் கடைன்னு நினைச்சு ஒருத்தர் வந்து கேட்டிருக்கார். 2021 மே மாசம் டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம்னு அறிவிச்சப்போ, அப்பத்தா விரல் விட்டு எண்ணினாங்க. அம்மா, அப்பத்தா, நாலு பொண்ணு, ஆறு டிக்கெட். "பொட்டப்புள்ளையா பெத்துட்டான்னு சொன்னாளுகள்ல, இப்ப வந்து சொல்லச் சொல்லு"ன்னாங்க. அப்படிச் சொன்னவங்கள்ல முதல் ஆள் அப்பத்தாதான்ங்கிறதை நாங்க யாரும் ஞாபகப்படுத்தல.

போன வருஷம் இன்ஜினியரிங் எகனாமிக்ஸ் எலெக்டிவ்ல சார் ஒரு விஷயம் சொன்னார். ஓஇசிடி நாடுகள்ல குடும்பச் செலவை ஒப்பிட ஒரு அளவுகோல் வச்சிருக்காங்களாம். முதல் பெரியவருக்கு 1, அடுத்தடுத்த பெரியவங்களுக்கு 0.5, பதினாலு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்களுக்கு 0.3. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே ஃபேன்னு பகிர்ந்துக்கிறதால ஆள் கூடுற அளவுக்குச் செலவு கூடாது, அதான் கணக்கு. கிளாஸ்லயே நோட்டோட பின்பக்கத்துல போட்டுப் பார்த்தேன். அப்பா 1, நாங்க ஆறு பேர் ஆளுக்கு 0.5, தம்பிக்கு அப்போ பதிமூணு வயசு, அதனால 0.3. மொத்தம் 4.3. எட்டு பேரும் சேர்ந்து 4.3 பேர் செலவுல வாழலாம். கணக்கு அழகாத்தான் இருந்துச்சு. ஒரே பிரச்சினை, அந்த 0.3 ஒரு வேளைக்கு ஒன்பது இட்லி சாப்பிடுது.

இட்லியைப் பத்திச் சொல்லியே ஆகணும். எங்க இட்லிச் சட்டியில ஒரு ஈடுக்கு பதினாறு. காலையில மூணு ஈடு. முதல் ஈடு ஸ்கூலுக்குப் போறவங்களுக்கு, ரெண்டாவது அப்பாவுக்கும் பெரிய அக்காவுக்கும், மூணாவதுல மிச்சம் இருக்கிறது அப்பத்தாவுக்கும் அம்மாவுக்கும். வாரத்துக்கு ரெண்டு தடவை மாவாட்டணும். கரண்ட் போயிட்டா வீட்ல ஒரு அவசர நிலைப் பிரகடனமே நடக்கும். தோசைன்னா இன்னும் கஷ்டம். கல்லு ஒண்ணு, வயிறு எட்டு. தோசை சுடுறவங்க கடைசியில சாப்பிடணும்ங்கிறது எழுதாத சட்டம், சுடுறது எப்பவும் அம்மா. நான் ஹாஸ்டல் வந்து ரெண்டாவது வருஷம் லீவுக்குப் போனப்போதான், அம்மா சூடான தோசை சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லைன்னு உறைச்சுது. அன்னைக்கு நான் சுடுறேன்னு கரண்டியை வாங்கினேன். "உக்காரும்மா"ன்னு சொன்னா உட்கார மாட்டேங்கிறாங்க. நின்னுக்கிட்டே ரெண்டு தின்னாங்க.

முட்டை அட்டையா வாங்குவோம், முப்பது. முழு முட்டை பிறந்தநாளுக்கு மட்டும். மத்த நாள்ல நாலு முட்டையில முக்கால் கிலோ வெங்காயம் போட்டு ஒரு பொரியல், அதுல முட்டையைத் தேடிப் பிடிக்கிறது ஒரு விளையாட்டு. கோழி எடுத்தா லெக் பீஸ் ரெண்டுதானே வரும்? அதுக்கு முறை உண்டு. காலண்டர் அட்டைக்குப் பின்னாடி சின்ன அக்கா எழுதி வச்சிருப்பா, இந்த ஞாயிறு யாரு, அடுத்த ஞாயிறு யாருன்னு. ஒரு தடவை என் முறை வர்ற ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்துட்டாங்க. எட்டு வருஷம் ஆச்சு, இன்னும் அந்த லெக் பீஸ் எனக்கு வரவேண்டிய பாக்கியில இருக்கு.

எங்க பக்கத்துல புரோட்டா இல்லாம குடும்பம் நடத்த முடியாது. அப்பாவுக்கு ஓவர்டைம் சம்பளம் வந்த சனிக்கிழமை பதினாறு புரோட்டா பார்சல், ஆளுக்கு ரெண்டு. தம்பி கையில பெரிய தூக்குவாளியைக் குடுத்து அனுப்புவாங்க. சின்னப் பையன் பெரிய வாளியோட போய் நின்னா சால்னா ஊத்துற அண்ணன் மனசு இளகி நிறைய ஊத்துவார்ங்கிறது அம்மாவோட கணிப்பு. கணிப்பு தப்பினதே இல்ல. அதாவது புரோட்டா தலைக்கு, சால்னா கார்டுக்கு. மிச்ச சால்னா மறுநாள் காலையில இட்லிக்கு.

கரண்ட் பில்லுக்கு வர்றேன். நான் படிக்கிறது ஈஇஇ, ஆனா எங்க வீட்டு லோடு மேனேஜ்மென்ட் பெரிய அக்கா கையில. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் வரைக்கும் ஒரு கணக்கு, 501 ஆனா வேற கணக்கு. 500க்குள்ள இருந்தா 101லேர்ந்து 200 வரைக்கும் உள்ள யூனிட்டுக்குச் சலுகை விலை. ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த நூறு யூனிட்டுக்கும் விலை ஏறக்குறைய இரு மடங்காயிடும். அந்த 501வது யூனிட்டோட விலை இருநூறு ரூபாய்க்கும் மேல. ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு இது தெரியவே தெரியாது. எட்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ஏப்ரல், மே மாசம் இது கழுத்துல கத்தி. ரீடிங் எடுக்க வர்றதுக்கு பத்து நாளுக்கு முன்னாடியே அக்கா மீட்டர் பக்கத்துல ஸ்டூல் போட்டு ஏறிடுவா. "நானூத்தி எழுபது. இன்னைலேர்ந்து எல்லாரும் ஒரே ரூம்ல படுங்க." ஒரு ஃபேனுக்குக் கீழ ஏழு பேர் படுத்திருப்போம், அப்பா மட்டும் மொட்டை மாடி. வேர்த்துக் கொட்டும். ஆனா அந்த ராத்திரிகள்ல சிரிச்ச அளவுக்கு நான் வேற எப்பவும் சிரிச்சதில்ல.

சோப்பை நூல் வச்சு ரெண்டா வெட்டுறது, தீபாவளிக்கு ஒரே பீஸ்ல துணி எடுத்து நாலு பொண்ணுக்கும் பாவாடை தைக்கிறது (ஃபோட்டோவுல பேண்டு செட் மாதிரி நிப்போம்), பெரிய அக்கா செருப்பு சின்ன அக்கா வழியா எனக்கு வர்றப்போ குதிகால்ல ஓட்டை இருக்கிறது, காலையில பாத்ரூமுக்கு டோக்கன் சிஸ்டம். இதெல்லாம் நீங்களே யூகிச்சுக்கலாம். மூணாவது பொண்ணுக்குப் புதுசுன்னு ஒண்ணு கிடைக்கணும்னா முதல் ரெண்டு பேரும் அதைத் தொலைச்சிருக்கணும். பாடப் புத்தகத்துல மட்டும் அரசாங்கம் சதி பண்ணுச்சு. 2018ல பிளஸ் ஒன்னுக்குப் புதுப் பாடத்திட்டம் வந்துச்சு. பெரிய அக்காவோட கைடு, நோட்ஸ் எல்லாம் சின்ன அக்காவுக்கு ஒரு பக்கம்கூட ஆகல. பழைய பேப்பர் கடைக்குப் போனதைப் பார்த்து அம்மா அழுதாங்க. எடை போட்டு வந்த காசுல தக்காளி வாங்கினோம்.

யாரும் எழுதாத ஒரு செலவு இருக்கு, அதையும் எழுதிடுறேன். ஒரு கட்டத்துல எங்க வீட்ல அம்மாவோட சேர்த்து அஞ்சு பேருக்கு மாசாமாசம் நாப்கின் வேணும். ஸ்கூல்ல 'புது யுகம்' திட்டத்துல குடுக்கிறது கொஞ்சம் கைகொடுக்கும், மீதி கடையில. மளிகை லிஸ்ட்ல அது எப்பவும் கடைசி வரி, பணம் பத்தலைன்னா முதல்ல அடிபடுற வரி. அம்மா "எனக்குத் துணிதான் பழக்கம், அதுதான் வசதி"ன்னு சொல்லிட்டே இருப்பாங்க. பெரிய அக்கா வேலைக்குப் போய் முதல் மாசச் சம்பளத்துல அம்மாவுக்குன்னு தனியா ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்தா. அதுக்கப்புறம் துணிதான் வசதின்னு அம்மா சொல்லவே இல்ல.

கொரோனா வருஷம் வீட்ல ஸ்மார்ட்ஃபோன் ரெண்டு. ஒண்ணு அப்பாவோடது, ஸ்க்ரீன்ல சிலந்தி வலை. இன்னொண்ணு அக்கா காலேஜுக்காக வாங்கினது. ஆன்லைன் கிளாஸ் நாலு பேருக்கு. சின்ன அக்கா பாலிடெக்னிக், நான் பிளஸ் ஒன், தங்கச்சி எட்டாவது, தம்பி நாலாவது. பெரிய அக்கா ஒரு டைம்டேபிள் போட்டா, நம்ம காலேஜ் எக்ஸாம் செல்லே தோத்துடும். ஃபிசிக்ஸ், மேத்ஸ் இருக்கிறவங்களுக்கு முன்னுரிமை. தமிழ், இங்கிலீஷ் கிளாஸ்னா ஃபோனை விட்டுக் குடுத்துடணும். தம்பிக்குக் கல்வித் தொலைக்காட்சி. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, மதியம் மூணு மணிக்கே தீர்ந்துடும். அந்த ரெண்டு வருஷம் தங்கச்சிக்கு இங்கிலீஷ் கிராமர்ல விழுந்த ஓட்டை இன்னும் அடைபடல. பிரஸ் மூடிக் கிடந்துச்சு. நாங்க எல்லாரும் உட்கார்ந்து நகைக்கடைப் பைகளுக்குக் கயிறு கோர்த்தோம். எண்ணிக்கைக்குக் கூலி. பதினாலு கை சேர்ந்து கோர்த்தா ஒரு கட்டு எப்படி முடியுதுன்னே தெரியாது. ஆள் நிறைய இருக்கிறது ஒரு வரவுதான்னு அப்போ புரிஞ்சுது.

தம்பிக்கு டெங்கு வந்தப்போவும் அப்படித்தான். பக்கத்து பெட் பையனோட அம்மா ஒத்தை ஆளா ஆறு நாள் கண் மூடாம உட்கார்ந்திருந்தாங்க. எங்களுக்கு ஷிஃப்ட் இருந்துச்சு. ராத்திரிக்கு அக்கா, காலைக்கு அம்மா, மதியம் நான். மூணாவது நாள்லேர்ந்து அந்த அம்மாவையும் எங்க ஷிஃப்ட்ல சேர்த்துக்கிட்டு, "நீங்க தூங்குங்க, நாங்க பார்த்துக்கிறோம்"னோம்.

இவ்வளவு நேரம் சிரிச்சிட்டே சொல்லிட்டேன். இனிமே சொல்லப்போறது கொஞ்சம் கஷ்டம்.

2022. பிளஸ் டூ முடிச்சிட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பதிவு பண்ண நானும் பெரிய அக்காவும் போனோம். அங்க இருந்தவங்க ஒவ்வொரு சர்டிபிகேட்டா கேட்டாங்க. ஆறாவதுலேர்ந்து அரசுப் பள்ளியா? இல்ல, அரசு உதவி பெறும் பள்ளி. அப்போ 7.5 சதவீத ஒதுக்கீடு வராது. முதல் பட்டதாரியா? நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அக்கா, "நான் பி.காம் முடிச்சிருக்கேன்"னா. "அப்போ கிடைக்காதும்மா." அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் டிகிரி முடிக்கலைன்னா, கவுன்சிலிங் வழியா சுயநிதிக் கல்லூரியில சேர்றவங்களுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் அரசாங்கம் கட்டும். கட்டணத்துல ஏறக்குறைய பாதி. நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம். அஞ்சு பிள்ளை இருந்தாலும், பத்து பிள்ளை இருந்தாலும், முதல் பட்டதாரி ஒருத்தர்தான். இதுவும் கார்டுக்குத்தான். எங்க வீட்டு முதல் பட்டதாரி அக்கா. வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டணத்துல, வீட்டுக்குப் பக்கத்துலயே படிச்ச பி.காம்.

திரும்பி வர்றப்போ பஸ்ல ஜன்னலோர சீட்ல அக்கா, பக்கத்துல நான். எனக்குள்ள ஒரு லட்சம், ஒரு லட்சம்னு ஓடிட்டே இருந்துச்சு. திருத்தங்கல் தாண்டினதும் சொல்லிட்டேன். "நீ அந்த பி.காம் படிக்காம இருந்திருக்கலாம்க்கா. அதை வச்சு நீ என்ன பெருசா சம்பாதிச்சிட்ட?"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கல. இறங்குறப்போ "குடையை எடுத்துக்கோ"ன்னு மட்டும் சொன்னா.

அன்னைக்கு ராத்திரி அவ ஒரு கவரைக் கொண்டு வந்து அப்பா கையில குடுத்தா. சீட்டு எடுத்த பணம், 18,000. ஸ்கூட்டி வாங்க மூணு வருஷமா கட்டிட்டு வந்தது. இப்பவும் அவ வேலைக்கு டவுன் பஸ்லதான் போறா. மாசாமாசம் என் ஹாஸ்டல் செலவுக்கு அவதான் 1,500 அனுப்புறா. அனுப்பிட்டு ஒரு மெசேஜ் போடுவா: "வந்துச்சா." கேள்விக்குறிகூட இருக்காது.

அந்த வருஷம்தான் தம்பி ஆறாம் வகுப்பு. அப்பா யார்கிட்டயும் கேட்காம அவனை அரசுப் பள்ளிக்கு மாத்தினார். ஏன்னு கேட்டப்போ, "உன்னை வச்சுப் படிச்ச பாடம்"னார்.

போன டிசம்பர் லீவுல ஸ்காலர்ஷிப்புக்கு சாதிச் சான்றிதழ் நகல் தேவைப்பட்டுச்சு. பீரோ மேல இருக்கிற பச்சை ஃபைல்ல எங்க அஞ்சு பேரோட சர்டிபிகேட்டும் கலந்து கிடக்கும். தேடுறப்போ பெரிய அக்கா பேர்ல ஒரு தாள். முதல் பட்டதாரிச் சான்றிதழ், 2017, தாலுகா ஆபீஸ் முத்திரையோட. அதுக்குப் பின்னாடி இன்னொரு தாள். இன்ஜினியரிங் கவுன்சிலிங் அழைப்புக் கடிதம், அவ பேர்ல. தேதி, நேரம், கட்-ஆஃப் எல்லாம் போட்டிருந்துச்சு. அவளோட கட்-ஆஃப் என்னைவிட பதினொரு மார்க் அதிகம்.

எனக்குத் தெரியவே தெரியாது. 2017ல எனக்குப் பன்னிரண்டு வயசு. அக்கா லீவுல வீட்ல இருந்தா, அப்புறம் காலேஜ் போனா. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

அம்மாகிட்ட கேட்டேன். அம்மா வெங்காயம் உரிச்சிட்டே சொன்னாங்க. "பாதி அரசாங்கம் கட்டும்னாங்க. மீதி பாதிக்கு எங்க போக? உனக்கு அடுத்து ரெண்டு, அவளுக்கு அடுத்து நாலு. சென்னைக்குக் கவுன்சிலிங் போகணும்னு மொத நாள் வரைக்கும் பையெல்லாம் எடுத்து வச்சிருந்தா. அன்னைக்குக் காலைல அவளா வந்து, வேண்டாம்மா, எனக்குக் கணக்குப்பதிவியல்தான் புடிக்கும்னுட்டா."

அக்காவுக்கு அக்கவுண்ட்ஸ் பிடிக்காது. எட்டு வருஷமா அதைத்தான் எழுதிட்டு இருக்கா.

சாயங்காலம் அவ வேலை முடிஞ்சு வந்தப்போ அந்த ரெண்டு தாளையும் கையில வச்சிட்டு நின்னேன். மன்னிப்பு கேட்கணும்னு வாசகம்கூட யோசிச்சு வச்சிருந்தேன். அவ பார்த்துட்டு, "இது இன்னும் இருக்கா? அந்த ஃபைல்ல தேவையில்லாத தாள் நிறைய சேர்ந்துடுச்சு, ஒரு நாள் எல்லாத்தையும் எடுத்துப் பிரிக்கணும்"னு சொல்லிட்டு கை கால் கழுவப் போயிட்டா. தாளை மடிச்சு அதே இடத்துல வச்சேன். என் வாசகம் இன்னும் என்கிட்டயேதான் இருக்கு.

அவளுக்கு இப்போ இருபத்தாறு. மாப்பிள்ளை பார்க்கிறாங்க. பவுன் விலை உங்களுக்கே தெரியும். முன்னாடி மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல படிச்ச பொண்ணுங்களுக்குத் தாலிக்குத் தங்கம் குடுப்பாங்க. 2022ல அந்தத் திட்டத்தை அப்படியே உயர்கல்விக்கு மாத்தி 'புதுமைப் பெண்'ணாக்கிட்டாங்க. கல்லூரி போற பொண்ணுக்கு மாசம் ஆயிரம். இப்போ அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சவங்களுக்கும் உண்டு. நான் பிளஸ் ஒன்ல இங்கிலீஷ் மீடியம் மாறின புத்திசாலி, எனக்குக் கிடையாது. தங்கச்சிக்கு உண்டு, அதுவும் தலைக்கு. அப்பத்தா இதை இப்படிப் புரிஞ்சு வச்சிருக்காங்க: "பெரியவளுக்கு வர வேண்டிய தங்கத்தைத்தான் சின்னவளுக்கு மாசாமாசம் உரசிக் குடுக்குறாக." பாலிசி வகுப்பு எடுக்கிறவங்க யாராவது இதைவிடச் சுருக்கமா சொல்லட்டும் பார்ப்போம்.

ஹாஸ்டலுக்கு வந்த முதல் நாள் எனக்குன்னு ஒரு முழு சோப், ஒரு வாளி, ஒரு ஃபேன். ரூம்மேட் ஊருக்குப் போயிட்டா மொத்த ரூமும் எனக்கு. மெஸ்ல கணக்கு தலைக்குத்தான், என் பங்கை யாரும் எடுக்க மாட்டாங்க. முதல் மாசம் சொர்க்கமா இருந்துச்சு. ரெண்டாவது மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை என் தட்டுல லெக் பீஸ் விழுந்துச்சு. முறை யாரோடதுன்னு மனசு தானா தேடுச்சு. அந்தப் பீஸ் தொண்டையில இறங்கல. ரூம்மேட்டுக்குத் தூக்கி வச்சிட்டேன். அவ என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தா.

"நீ எத்தனை குழந்தை பெத்துப்ப?"ன்னு ஹாஸ்டல்ல ராத்திரிப் பேச்சுல கேட்பாங்க. ரெண்டுக்கு மேல நினைச்சாலே எனக்குப் பயமா இருக்கு. அதே சமயம், ரெண்டோட நிறுத்தியிருந்தா எங்க வீட்ல நான் இல்ல. ரெண்டும் உண்மை. 4.3ன்னு வர்ற மாதிரி இதுக்கு ஒரு விடை எனக்கு இன்னும் வரல.

இந்த மே மாசம் தங்கச்சிக்கு பிளஸ் டூ ரிசல்ட் வந்துச்சு. நல்ல மார்க். பக்கத்து ஊர்க் காலேஜ்ல பி.எஸ்சி. மேத்ஸுக்கு அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்தோம். வீட்ல எந்த ஃபாரமா இருந்தாலும் நிரப்புறது பெரிய அக்காதான், கையெழுத்து நல்லா இருக்கும்னு. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, தரையில அட்டை வச்சு உட்கார்ந்து எழுதிட்டு இருந்தா. சுத்தி நாங்க. தம்பி ஃபேனை ரெண்டுல வைக்கவா மூணுல வைக்கவான்னு கேட்டான். அக்கா தலை நிமிராம "ரெண்டு"ன்னா. உடன்பிறந்தோர் கட்டம் வந்துச்சு. அதே ரெண்டு வரி.

"மூத்தவங்க ரெண்டு பேர் போதும்க்கா, காலேஜ்ல அப்படித்தான் சொல்வாங்க"ன்னேன்.

அக்கா பதில் சொல்லல. பேனாவை நல்லா நிமிர்த்திப் பிடிச்சு, எறும்பு மாதிரி சின்ன எழுத்துல எழுத ஆரம்பிச்சா. முதல் வரியில அவ பேரும் சின்ன அக்கா பேரும். ரெண்டாவது வரியில தம்பி பேர். அப்புறம் தாளைத் திருப்பி, ஓரத்துல மேல இருந்து கீழா என்னமோ எழுதினா. எட்டிப் பார்த்தேன்.

"இடம் பத்தலடி"ன்னா. "உன் பேரு கொஞ்சம் நீளம். அதான் ஓரத்துல போட்டுருக்கேன். பி.இ.ன்னும் சேர்த்துப் போட்டுட்டேன், இன்னும் ஒரு வருஷம்தானே?"